பழைய பாகங்களை ஒன்றுசேர்த்து ஒரு பேஸ் கிட்டார்: எங்கிருந்து தொடங்குவது?

பேட்டை காயில்கடை

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து மோட்டார், கிரைண்டர், மாவு மில் மோட்டார் என்று எரிந்துபோய் எது வந்தாலும் கட்டிக் கொடுப்பேன். சோறு போடுகிற தொழில் அது. ஆனால் இருபது வயதிலிருந்து பத்து வருஷம் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் (தாழ்ந்த, கனத்த சுரம் தரும் நான்கு கம்பிக் கிட்டார்) வாசித்தேன். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா, முத்தாரம்மன் கொடை, கல்யாண வரவேற்பு என்று கொடைக் காலத்தில் வீட்டில் படுத்த ராத்திரிகள் குறைவு. அப்புறம் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசித்துவிடலாம் என்று வந்துவிட்டது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்றார்கள். குழு கிட்டாரைக் குழுவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பதினாறு வருஷம் ஆகிறது.

இப்போது எங்கள் தெருப் பையன்கள் ஒரு குழு சேர்த்திருக்கிறார்கள். டிரம்ஸ் உண்டு, கிட்டார் உண்டு. ஆடிக் கொடைக்கு ‘நீங்க பேஸ் வாசிக்கணும் மாமா’ என்று வந்து நிற்கிறார்கள். வாசிக்கத்தான் போகிறேன். புதுக் கிட்டார் கடையில் கிடைக்கும், தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக நான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் பாகங்கள் மரப்பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை வைத்தே ஒன்று கட்ட வேண்டும் என்பது என் ஆசை. என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் நெக், அதாவது இடது கை பிடிக்கும் நீளக் கழுத்து. நான் வாசித்த அதே கிட்டாரின் நெக்தான் இது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர் ஒருவரிடம் எங்கள் குழு வாங்கிய ஜப்பான் கிட்டார். பெயர்ப்பட்டை எப்போதோ உரிந்துவிட்டது. நெக்கைப் பிடிக்கும் தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று மட்டும் இருக்கிறது. குழு கலைந்த பிறகு கிட்டார் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, பிளைவுட் பாடியைக் கரையான் முழுசாகத் தின்றுவிட்டது. நெக்கை அது தொடவில்லை. மேப்பிள் நெக், மேலே ரோஸ்வுட் பலகை, 20 ஃப்ரெட், வீணையில் மெட்டு என்பார்களே, அது மாதிரி. ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு வார்னிஷ் தேய்ந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. கையில் எடுத்ததும் விரல் தானாக அங்கே போய் உட்கார்ந்தது. கம்பியை முறுக்கும் பழைய கீ நான்கில் இரண்டு காணாமல் போய்விட்டன. துளை 17.5 மி.மீ. நான் வாங்கி வைத்திருக்கும் புது கீ செட்டுக்கு 14 மி.மீ. துளைதான் வேண்டும்.

அடுத்தது பிக்கப், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் காயிலும். சென்னையில் ஒரு வாத்தியக்காரர் தன் அமெரிக்கக் கிட்டாருக்குப் புதுப் பிக்கப் மாட்டியபோது கழற்றிப் போட்ட பழையது. இரண்டு துண்டாக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று விலகி உட்காருமே, அந்த வகை. கூடவே சத்தத்தையும் டோனையும் திருகும் இரண்டு கன்ட்ரோலும் கொடுத்தார். அவற்றின் முதுகில் 1377532 என்று குத்தியிருக்கிறது. இது என்ன எண் என்று தெரிந்தால் சொல்லுங்கள். பிக்கப்பில் ஒரு பாதி மீட்டரில் 5.2 கிலோ ஓம் காட்டுகிறது. மற்ற பாதி ஓப்பன், எங்கோ தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. கம்பிகளின் அடி முனையைத் தாங்கும் பிரிட்ஜ், கொல்கத்தாவில் செய்த ஒரு பழைய பேஸில் இருந்தது. வளைத்த தகடு, அதில் மறை போட்ட நான்கு உருளை. கம்பி இடைவெளி கொஞ்சம் நெருக்கம். முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் 51 மி.மீ.

பாடிக்கு மரம்: கள்ளிடைக்குறிச்சியில் இடித்த ஒரு வீட்டின் பர்மா தேக்கு உத்திரம். ஐந்துக்கு நான்கு அங்குலம், ஆறடி நீளம்.

என் திட்டம் இது. ஓப்பனான பாதியை நானே 42 கேஜ் கம்பியில் திரும்பக் கட்டிவிடுவேன், அந்த பிக்கப்புக்கு 42 கேஜ் என்று படித்தேன். கீ துளையை எம்சீல் வைத்து அடைத்து 14 மி.மீ.க்குத் திரும்பத் துளைப்பேன். நெக்கின் அடியில் இருக்கும் ஸ்குரூ துளைகள் 50-க்கு 37 மி.மீ. இருக்கின்றன, அமெரிக்க ஃபெண்டர் கம்பெனி அளவு 51-க்கு 38 என்கிறார்கள். அதனால் அவற்றையும் அடைத்து, சரியான அளவுக்குத் துளைக்கலாம் என்று நினைக்கிறேன். உத்திரத்தை அறுத்து ஒட்டிப் பாடி செய்ய எங்கள் ஆசாரி ஒத்துக்கொண்டார். இதில் எங்கே தப்பு செய்கிறேன்? ஆடிக்கு நாலு மாசம் இருக்கிறது.

செங்கோட்டை மரவாடி

அண்ணாச்சி, முதலில் அந்த உத்திரத்தை ஆசாரி கையில் கொடுக்காதீர்கள். ஆணி பாருங்கள். நூறு வருஷ வீட்டு உத்திரத்தில் மேலே தெரியாமல் தலை முறிந்த ஆணி உள்ளே கிடக்கும். எங்கள் மில்லுக்கு இடித்த வீட்டு மரம் வந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, மரத்தை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோவோம். நூல் எங்கே சாய்கிறதோ அங்கே சாக்பீஸ் குறி. மேலாக இருக்கும் ஆணி எல்லாம் மாட்டிக்கொள்ளும். ஆழத்தில் இருப்பது, ஒவ்வொரு பலகையாக அறுத்த பிறகு திரும்ப ஒருமுறை பார்த்தால் தெரியும். ஒரு ஆணி போதும், வாளின் பல் போய்விடும், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் ஆபத்து.

அடுத்தது எடை. அமெரிக்காவில் இந்தக் கிட்டாருக்கு ஆல்டர் என்று ஒரு மரம் போடுகிறார்கள். அதில் செய்த பாடி 2 கிலோ வந்தால், அதே அளவு தேக்கு 3 கிலோவை நெருங்கும். மேலே நெக், கீ, பிரிட்ஜ் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். சாமக்கொடை முடிய மூன்று மணி நேரம் தோளில் தொங்க வேண்டும் அண்ணாச்சி.

நான் குமிழ மரம் சொல்வேன். தேக்கைவிட லேசு. காய்ந்த பிறகு சுருங்குவதும் முறுக்குவதும் குறைவு, உளிக்கு நன்றாக இணங்கும். பலா அழகாக இருக்கும், வீணைக்குப் போடுகிற மரம்தான், ஆனால் நன்றாகக் காய்ந்த பலா கிடைப்பது இப்போது கஷ்டம்.

எந்த மரமானாலும் சரி, இங்கே சாரல் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் காற்றில் கிடந்த பலகை ஈரத்தைக் குடித்து நிற்கும். அதை அப்படியே திருநெல்வேலி வெயிலுக்குக் கொண்டுபோய் ஒட்டினால் ஒட்டு வாய் திறக்கும். பலகையைக் கடையிலேயே, நிழலில், அடியில் கட்டை கொடுத்து அடுக்குங்கள். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால் அந்த மரம் உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது. அதுவரை கை வைக்க வேண்டாம்.

ரேடியோ மெக்கானிக், தூத்துக்குடி

தம்பி, அந்தப் பிக்கப்பைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

42 கேஜ் என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அது அமெரிக்கக் கேஜ். அதன் கனம் 0.063 மி.மீ. நம் ஊரில் காயில் கம்பி விற்பது பழைய இங்கிலீஷ்காரன் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில். அதில் 42 என்றால் 0.1 மி.மீ. வரும். கடையில் 42 கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் கட்டினால், அதே பாபினில் பாதிச் சுற்றுகூட ஏறாது. சத்தம் சோகையாக வரும். ஏன் என்று தெரியாமல் பிக்கப்பையே குறை சொல்வீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது 46. அது 0.061, கிட்டத்தட்ட அதே கனம். மோட்டார் கம்பியை இழுக்கும் இழுப்பு அதற்கு ஆகாது. விரல் நுனியில் தொட்டும் தொடாமலும் விட வேண்டும்.

ஆனால் கட்டவே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓப்பன் என்றால் உடனே உள்ளே அறுந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. எரிந்த மோட்டார் வேறு, இது வேறு. இதில் ஓடும் மின்சாரம் எதையும் எரிக்கிற அளவு கிடையாது. பெரும்பாலும் காயிலின் வெளி முனை, ஈயம் வைத்த இடத்தில், வியர்வையும் உப்புக்காற்றும் பட்டுக் களிம்பேறி விட்டுப்போயிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளி முனை போயிருந்தால் ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, திரும்பப் பற்றவைத்தால் முடிந்தது. உள் முனை போயிருந்தால்தான் கட்ட வேண்டிவரும்.

இன்னொன்று. அந்தக் காந்தக் குச்சிகளைத் தள்ளிப் பார்க்காதீர்கள். பழைய பிக்கப்பில் பிளாஸ்டிக் பாபின் கிடையாது. கறுப்பு ஃபைபர் தகடு இரண்டுக்கு நடுவே காந்தம், காந்தத்தின் மேலேயே நேராகக் கம்பி. காந்தம் நகர்ந்தால் முதல் சுற்றுகள் அறுந்துவிடும்.

இரண்டு பாதியும் உயிரோடு வந்த பிறகு ஒரு சோதனை. திசைகாட்டி முள்ளைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு பாதி வடமுனையை இழுக்க வேண்டும், மற்றது தள்ள வேண்டும். அப்புறம் இரண்டையும் தொடராக இணைத்து, முள் மீட்டரை மிகக் குறைந்த டி.சி. அளவில் வைத்து, ஸ்குரூ டிரைவரைக் காந்தத்தில் ஒட்டவைத்து வெடுக்கென்று எடுங்கள். இரண்டு பாதியிலும் முள் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் குதித்தால் ஒரு பாதியின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போடுங்கள்.

இது எதற்கு என்றால், ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த முதல் பேஸில் ஒரே துண்டுப் பிக்கப்தான். 1957-ல் இப்படி இரண்டாகப் பிளந்தார்கள். காந்தமும் சுற்றும் எதிரெதிராக இருப்பதால் கம்பியின் சத்தம் கூடும், வெளியிலிருந்து வரும் கரன்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பேஸுக்கு இது மிகவும் முக்கியம் தம்பி. நம் லைன் 50 ஹெர்ட்ஸ். உங்கள் தடித்த ஈ கம்பி 41, அடுத்த ஏ கம்பி 55. இரைச்சல் சரியாக இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மிக்ஸரில் திருகி அதைக் குறைத்தால் உங்கள் பேஸையும் சேர்த்துக் குறைத்துவிடும். கொடைப் பந்தலில் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் பக்கத்தில் இருக்கும்போது இந்த இணைப்பு சரியாக இருந்தால்தான் பிழைப்பீர்கள். பிரிட்ஜிலிருந்து கன்ட்ரோல் முதுகுக்கு ஒரு எர்த் கம்பி மறக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது பின் உண்மையிலேயே எர்த்துக்குப் போகிறதா என்று மேடை ஏறுமுன் பாருங்கள். கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் தெரியும். விளையாட்டில்லை.

கன்ட்ரோல் எண்ணுக்கு வருகிறேன். முதல் மூன்று எண் 137, கன்ட்ரோல் செய்த சி.டி.எஸ். கம்பெனி என்று அர்த்தம். 75 என்பது 1975. 32 என்பது அந்த வருஷத்தின் 32-ஆம் வாரம், ஆகஸ்ட். கன்ட்ரோல் செய்த தேதிதான், கிட்டார் அதற்குப் பிறகு கட்டியிருப்பார்கள். கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகுங்கள், தூக்கிப் போடாதீர்கள். 250 கே இருக்கும், இந்தப் பிக்கப்புக்கு அதுதான் வேண்டும்.

பாளை பேஸ்

அண்ணே, நான் பாளையங்கோட்டையில் சர்ச் குழுவில் பதினொரு வருஷமாக பேஸ் வாசிக்கிறேன். என் கிட்டாரும் இரண்டு கிட்டார் சேர்த்துக் கட்டியதுதான். அதில் நான் பட்டதால் சொல்கிறேன்.

நெக்கில் ஒரு துளைகூட அடைக்காதீர்கள், புதிதாக ஒன்றுகூடப் போடாதீர்கள். ஸ்குரூ துளை 50-க்கு 37 இருந்தால் இருக்கட்டும். பாடியை நீங்கள்தானே புதிதாகச் செய்கிறீர்கள்? பாடியை 50-க்கு 37 துளைத்துவிட்டுப் போங்கள். ரெடிமேட் பாடி வாங்குகிறவருக்குத்தான் ஃபெண்டர் அளவு கவலை. என் முதல் நெக்கில் ஒரு கடையில் பழைய துளைகளை அடைத்து, அரை மி.மீ. தள்ளித் துளைத்தார்கள். டிரில் பழைய துளைக்கே இழுத்துக்கொண்டு போனது. நெக் ஒரு பக்கம் சாய்ந்து, ஜி கம்பி பலகையின் விளிம்பில் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் அதோடு பாடுபட்டேன்.

துளையை எடுக்க எளிய வழி: நெக்கின் அடியில் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். சின்ன வயதில் காசு மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். விளிம்பும் நான்கு துளையும் அப்படியே விழும். அந்தத் தாள்தான் உங்கள் அச்சு. அதை ஒட்டியே ஆசாரி குழி வெட்டட்டும். நெக் குழிக்குள் போகும்போது கையால் அழுத்திச் செருக வேண்டும், ஆடக் கூடாது. நான்கு கம்பியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுக்கும்.

கீ துளையிலும் அதேதான். எம்சீல் வேண்டாம். லேத்தில் கொடுத்து, வெளியே 17.5, உள்ளே 14 என்று நான்கு புஷ் கடைந்து வாங்குங்கள். அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள். பித்தளை என்றால் தலை கனத்து, நீங்கள் கையை எடுத்ததும் நெக் தரையைப் பார்த்துப் போகும். நாளைக்குப் பழைய கீ நான்கும் எங்காவது கிடைத்தால் புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பூட்டிக்கொள்ளலாம்.

ஸ்கேல், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கம்பி அதிரும் நீளம், அளந்தீர்களா? எழுதவில்லையே. நெக்கின் மேல் முனையில் கம்பி உட்காரும் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்தக் காலத்து ஜப்பான் பேஸில் 30 அங்குல ஸ்கேல் நிறைய உண்டு. ஸ்கேல் என்பது நெக்கோடு வருவது. பிரிட்ஜ் எங்கே உட்கார வேண்டும் என்று நெக்தான் சொல்லும், பாடி அச்சு சொல்லாது.

பிரிட்ஜை ஸ்குரூ போடுமுன் ஆசாரியிடம் நூல் கேளுங்கள். நட்டின் ஈ காடியிலிருந்து ஒன்று, ஜி காடியிலிருந்து ஒன்று, இரண்டு நூலையும் பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டி, பலகையின் இரண்டு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் போகிறதா என்று கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். பிரிட்ஜை டேப் போட்டு ஒட்டி, நகர்த்தி நகர்த்திப் பார்த்துச் சரியானதும் குறி போடுங்கள். 51 மி.மீ. பற்றிக் கவலை வேண்டாம். உருளையில் மறை போட்டிருக்கிறது என்றீர்களே, அந்த மறையின் ஒவ்வொரு பள்ளமும் கம்பி உட்காரும் இடம்தான். ஓரக் கம்பி இரண்டையும் இரண்டு மூன்று பள்ளம் வெளியே தள்ளி உட்கார வைத்தால் 57-க்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்தப் பிக்கப்பில் ஒரு கம்பிக்கு இரண்டு காந்தம், கம்பி இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். நூல் இழுக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

பேட்டை காயில்கடை

ரொம்ப நன்றி. 42, 46 விஷயம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தினமும் எஸ்.டபிள்யூ.ஜி.யில் கம்பி வாங்குகிறவன் நான். என் கையில் 42 என்றால் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனாலேயே சந்தேகமே வரவில்லை.

ஸ்கேல் அளந்தேன் தங்கச்சி. 12-ஆம் ஃப்ரெட் வரை 432 மி.மீ. அப்படியென்றால் 864, முழு 34 அங்குலம். நான் அடித்துப் பழகிய நீளம்தான், விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. குமிழ மரம் லேசு, நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உத்திரம் என் ஆத்தாள் பிறந்த வீட்டு உத்திரம். தொட்டில் கட்டிய வளையத்தின் தழும்பு அதில் இருக்கிறது. பரணில் கிடக்க விட்டால் அதுவும் கரையானுக்குத்தான். இந்தக் கிட்டாரில் அது இருந்தாக வேண்டும்.

செங்கோட்டை மரவாடி

அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் குமிழ் பேச்சே எடுத்திருக்க மாட்டேன் அண்ணாச்சி.

நடுவில் தேக்கு, இரண்டு பக்கமும் குமிழ். நெக்கும் பிரிட்ஜும் உட்காருவது நடுப்பலகையில்தான், இழுப்பு எல்லாம் அங்கேதான். அது தேக்காக இருப்பது நல்லதே. பக்கவாட்டுக் குமிழ் எடையைக் குறைத்துவிடும். உங்கள் உத்திரத்தின் ஐந்து அங்குல அகலம் அப்படியே நடுப்பலகைக்குச் சரியாக வரும். ஒன்றே முக்கால் அங்குலக் கனத்துக்கு அறுங்கள். தொட்டில் வளையத் தழும்பு முன்பக்கம் வருகிற மாதிரி ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.

தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டும் முகத்தை இழைப்புளி போட்ட அன்றைக்கே, துணியில் தின்னர் தொட்டு நன்றாகத் துடைத்து, உலர்ந்ததும் உடனே பசை. நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வரும். குமிழ்ப் பலகை இரண்டு என்னிடம் மூன்று வருஷம் காய்ந்தது இருக்கிறது. தென்காசி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

பாளை பேஸ்

பாடி வெட்டும்போது ஒரு விஷயம் அண்ணே, பிறகு நினைத்தால் நடக்காது. உங்கள் நெக்கில் டிரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) திருகும் இடம் எந்த முனையில்? அடி முனையில் என்றால், குழியை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள், ஸ்குரூ டிரைவர் நுழைகிற அளவு. இல்லையென்றால் ஒவ்வொரு முறை திருகவும் நெக்கைக் கழற்ற வேண்டிவரும். வெயில் காலத்திலும் ஐப்பசி மழையிலும் கட்டாயம் ஒருமுறை திருக வேண்டிவரும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிப் போக வேண்டும். அவ்வளவு வளைவு போதும்.

பேட்டை காயில்கடை

ஆனி பிறந்துவிட்டது. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

பிக்கப் கட்டவில்லை. ஐயா சொன்ன மாதிரியே வெளி முனைதான். லென்ஸில் பார்த்தால் ஈயத்தின் காலடியில் பாசி மாதிரி பச்சைக் களிம்பு, அதற்குள் கம்பி நுனி அந்தரத்தில் நிற்கிறது. ஒன்றரைச் சுற்று பிரித்தேன். எட்டு குதிரைச் சக்தி மோட்டாருக்குக் கம்பி இழுக்கிற கை, அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தது. மீட்டரில் 5.3 காட்டியது. இரண்டும் சேர்த்து 10.5. முள் சோதனையில் முதலில் எதிரெதிராகக் குதித்தது, முனையை மாற்றினேன், ஒரே பக்கம் வந்துவிட்டது. இரண்டு கன்ட்ரோலும் 1975-ல் செய்தவையே. டோனுக்கு 0.047 கப்பாசிட்டர் என் கடையிலேயே இருந்தது.

உத்திரத்தில் ஆணி நான்கு அகப்பட்டது. ஒன்று கைவிரல் நீளம், கொல்லன் அடித்த சதுர ஆணி. ஆசாரி அதை எடுத்துக் கொடுத்ததும் கடையில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பலகையை ஐந்து வாரம் நிறுத்தேன். குமிழ் இரண்டும் முதல் வாரத்தில் கொஞ்சம் குறைந்து அப்புறம் நின்றுவிட்டது. தேக்கு எடை கடைசிவரை மாறவே இல்லை. பாடி வெறுமையாக 2 கிலோ 450 கிராம்.

நெக் குழி முதல் தடவையில் மயிரிழை இறுக்கமாக வந்தது. ஆசாரி உளியை எடுக்காமல் மணல்தாளை ஒரு சிம்பில் சுற்றி நாலு இழுப்பு இழுத்தார். நெக் உள்ளே இறங்கும்போது ‘சுக்’ என்று காற்று வெளியேறுகிற சத்தம். ஒரு ஸ்குரூவும் போடாமல் நெக்கை மட்டும் பிடித்துத் தூக்கினேன், பாடி கூடவே வந்தது.

வார்னிஷ் பாடிக்கு மட்டும்தான் அடித்தேன். நெக்கில் அந்தக் கட்டைவிரல் இடத்தைத் தொடவில்லை.

பையன்களோடு இரண்டு ஒத்திகை முடிந்தது. ஏ கம்பி ஏழாம் ஃப்ரெட்டில் மட்டும் கொஞ்சம் உறுமுகிறது. அந்த ஃப்ரெட்டைத் தட்டி இறக்கலாமா, டிரஸ் ராடையே கால் சுற்று விட்டுப் பார்க்கலாமா? ஆடி இரண்டாம் வெள்ளி கொடை.

பாளை பேஸ்

முதலில் ராடு. கால் சுற்றுகூட அதிகம், எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் திரும்பப் பாருங்கள். அப்போதும் உறுமினால், மூன்று ஃப்ரெட் மேல் படுகிற மாதிரி ஒரு நேரான சின்ன அடிக்கோலை வைத்துப் பாருங்கள். அடிக்கோல் ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் இறங்கிவிடும். அரம் கடைசியில்தான்.

எந்த ஊர்க் கொடை என்று எழுதுங்கள் அண்ணே. நான் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.